மைதானம் ஆடுகிறதே... பயப்படணுமா?

அரங்கம் நிரம்பியிருக்கிறது. எல்லாருக்கும் தெரிந்த பாட்டு ஒலிக்கிறது. ஆயிரக்கணக்கானோர் ஒரே தாளத்தில் குதிக்கிறார்கள். மேல்தட்டில் இருக்கும் உங்கள் காலடியில் தரை மெல்ல ஏறி இறங்குகிறது.

"இது நிஜமாவே ஆடுதா, இல்ல எனக்குத்தான் அப்படித் தோணுதா?"

நிஜமாகவே ஆடுகிறது. பெரிய விளையாட்டரங்குகளின் பார்வையாளர் மாடங்கள் கொஞ்சம் அசையும் என்று தெரிந்துதான் பொறியாளர்கள் கட்டுகிறார்கள். ஆனால் எவ்வளவு அசையலாம், எப்போது அது தொல்லையாகிறது, எப்போது ஆபத்தாகிறது என்பதற்கு எல்லைகள் இருக்கின்றன. அடுத்த முறை காலாங்கிலோ புக்கிட் ஜாலிலிலோ டிக்கெட் வாங்கும் முன் இதைத் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள்.

சுருக்கமாகச் சொன்னால்...

- மாடம் அசைவதாலேயே அது இடியப்போகிறது என்று அர்த்தமில்லை.
- பிரச்சினை கூட்டத்தின் எடையில் இல்லை. எல்லாரும் ஒரே தாளத்தில் குதிப்பதில்தான் இருக்கிறது.
- குதிப்பவருக்குத் தெரியாத அதிர்வு, பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரை நடுங்க வைக்கலாம்.
- ஆடும் மாடத்தைவிட, பயந்துபோய் ஒரே வாசலுக்கு ஓடும் கூட்டம் ஆபத்தானது.

கூட்டம் உட்கார்ந்தால் சரி, குதித்தால் ஏன் பிரச்சினை?

70 கிலோ எடையுள்ள ஒருவர் இருக்கையில் உட்கார்ந்தால், மாடம் தாங்கவேண்டியது அந்த 70 கிலோவை மட்டுமே. அந்தச் சுமை மாறாது.

அவரே குதித்தால் கதை வேறு. கால் தரையைவிட்டு எழும்பும் கணத்தில் சுமை பூஜ்யம். இறங்கும் கணத்தில் தரைமீது விழும் விசை, அவருடைய எடையைப்போல் மூன்று மடங்கைக்கூடத் தாண்டலாம். பூஜ்யம், மூன்று மடங்கு, மறுபடியும் பூஜ்யம் என்று ஒரு நொடிக்குள் இரண்டு முறை மாறுகிறது.

ஒருவர் மட்டும் குதித்தால் கான்கிரீட்டுக்கு அது ஒன்றுமே இல்லை. பத்தாயிரம் பேர் ஆளுக்கொரு நேரத்தில் குதித்தாலும் பெரிய பிரச்சினை இல்லை. ஒருவர் இறங்கும்போது இன்னொருவர் ஏறுவார். கூட்டிக் கழித்தால் மிஞ்சும் விசை குறைவு.

பத்தாயிரம் பேரும் ஒரே நேரத்தில் இறங்கினால்தான் சிக்கல்.

இதனால்தான், பார்க்கப் பயங்கரமாக இருக்கும் 'அலை' உண்மையில் சாது. காலாங்கின் பழைய தேசிய அரங்கில் ரசிகர்கள் ஒரு பகுதி எழுந்து உட்கார, அடுத்த பகுதி எழும். எல்லாரும் சேர்ந்து எழுவதில்லை. சுமை அரங்கைச் சுற்றி நகர்ந்துகொண்டே இருக்கிறது.

'போஸ்னான்' கொண்டாட்டம் அப்படியில்லை. போலந்தின் லெஹ் போஸ்னான் குழு ரசிகர்களின் வழக்கத்தை 2010இல் மான்செஸ்டர் சிட்டி ரசிகர்கள் எடுத்துக்கொண்டார்கள். திடலுக்கு முதுகைக் காட்டி, தோளோடு தோள் கோத்து, எல்லாரும் சேர்ந்து குதிப்பார்கள். தோள்கள் கோத்திருப்பதால் தாளம் தவறுவது கஷ்டம். மாடத்தைப் பொறுத்தவரை கடுமையான சோதனை அதுதான்.

ஊஞ்சல் கணக்கு

சின்ன வயதில் ஊஞ்சல் தள்ளியிருப்பீர்கள். ஊஞ்சல் திரும்பி வரும் சரியான நேரத்தில் லேசாகத் தள்ளினால் போதும், ஒவ்வொரு சுற்றிலும் அது உயர்ந்துகொண்டே போகும். கண்ட நேரத்தில் எவ்வளவு வேகமாகத் தள்ளினாலும் பலன் குறைவுதான்.

ஒவ்வொரு கட்டமைப்புக்கும் இப்படித் தனக்கென்று ஒரு வேகம் இருக்கிறது. தட்டிவிட்டால் நொடிக்கு இத்தனை முறைதான் ஆடும். அதற்குப் பெயர் இயல்பு அதிர்வெண். அளவிடும் அலகு ஹெர்ட்ஸ். ஒரு ஹெர்ட்ஸ் என்றால் நொடிக்கு ஒரு முறை.

வெளியிலிருந்து வரும் தள்ளலும் அதே வேகத்தில் வந்தால், சிறிய விசைகூடப் பெரிய ஆட்டமாக வளரும். இதுதான் நீங்கள் பள்ளியில் படித்த ஒத்ததிர்வு. காப்பிக்கடையில் விளிம்புவரை நிரம்பிய கோப்பையை எடுத்துக்கொண்டு நடந்தால் சிந்துவதற்கும் இதுவே காரணம். நம் நடையின் வேகம், கோப்பைக்குள் இருக்கும் திரவம் அலைபாயும் வேகத்துக்குக் கிட்டத்தட்டப் பொருந்திவிடுகிறது.

கூட்டம் பெரிதாக இருக்கவேண்டும் என்றுகூட இல்லை. 2011 ஜூலை 5ஆம் தேதி, தென்கொரியாவின் சோல் நகரில் 39 மாடி டெக்னோமார்ட் கட்டடம் சுமார் 10 நிமிடம் குலுங்கியது. உள்ளே இருந்தவர்கள் வெளியே ஓடினார்கள். அன்று அங்கே நிலநடுக்கம் எதுவும் இல்லை. 12ஆம் மாடி உடற்பயிற்சிக்கூடத்தில் சுமார் 20 பேர் ஒரே தாளத்தில் செய்த 'டே போ' பயிற்சிதான் காரணம் என்று பின்னர் ஆராய்ந்த வல்லுநர்கள் முடிவுசெய்தார்கள். அவர்கள் குதித்த வேகம் கட்டடத்தின் வேகத்தோடு ஒத்துப்போய்விட்டது.

மனிதர் எவ்வளவு வேகமாகக் குதிப்பார்?

கூட்டமாகச் சேர்ந்து குதிக்கும்போது நாம் பெரும்பாலும் நொடிக்கு ஒன்றரை முதல் மூன்று முறைவரை குதிக்கிறோம். அதற்குமேல் வேகமாகக் குதிக்க முயன்றால் மூச்சு வாங்கும், தாளமும் தவறிப்போகும்.

இப்போது பாட்டுக்கு வாருங்கள். நிமிடத்துக்கு 120 தட்டு உள்ள பாட்டு என்றால் நொடிக்கு 2. அதாவது 2 ஹெர்ட்ஸ். ஆடவைக்கும் பாடல்கள் பலவும் இந்த வட்டாரத்தில்தான் இருக்கின்றன. நம் குத்துப் பாட்டு இன்னும் வேகமாகப் போனாலும், கூட்டம் ஒரு தட்டு விட்டு ஒரு தட்டுக்குக் குதித்துச் சமாளித்துக்கொள்ளும்.

அப்படியென்றால் மாடத்தின் இயல்பு அதிர்வெண் 3 ஹெர்ட்ஸுக்கு மேலே இருந்தால் போதுமே என்று தோன்றும். போதாது. குதிப்பது மென்மையாக ஏறி இறங்கும் விசை அல்ல. அது தொம்மென்று விழும் அடி. நொடிக்கு 2 முறை விழும் அடி, 2 ஹெர்ட்ஸில் மட்டுமல்லாமல் 4, 6 ஹெர்ட்ஸிலும் கட்டமைப்பைத் தள்ளிவிடும். மடங்கு கூடக்கூட வலிமை குறையும். ஆனாலும் அலட்சியப்படுத்த முடியாது.

பிரிட்டனின் கட்டமைப்புப் பொறியாளர் கழகம் 2008இல் வெளியிட்ட வழிகாட்டி இதை அடிப்படையாக வைத்து இரண்டு எண்களைச் சொல்கிறது.

- வழக்கமான விளையாட்டுப் போட்டிகளுக்கு: மாடத்தின் செங்குத்து இயல்பு அதிர்வெண் குறைந்தது 3.5 ஹெர்ட்ஸ்.
- துள்ளாட்டம் போடும் இசைநிகழ்ச்சிகளுக்கு: குறைந்தது 6 ஹெர்ட்ஸ்.

அதற்குக் கீழே இருந்தால் கட்டக்கூடாது என்று அர்த்தமில்லை. கூட்டத்தையும் கட்டமைப்பையும் சேர்த்துக் கணக்கிட்டு, ஆட்டம் எல்லைக்குள்தான் இருக்கும் என்று காட்டவேண்டும்.

போட்டியைவிட இசைநிகழ்ச்சி ஏன் கடினம்?

கோல் விழுந்தால் எல்லாரும் துள்ளி எழுவார்கள். சில நொடி ஆரவாரம், பிறகு உட்கார்ந்துவிடுவார்கள். துள்ளுவதிலும் ஒழுங்கு இருக்காது.

இசைநிகழ்ச்சியில் ஒலிபெருக்கியே நடத்துநர். 'இப்ப குதி, இப்ப குதி' என்று ஒவ்வொரு தட்டும் எல்லாருக்கும் ஒரே நேரத்தில் சொல்லிக்கொண்டிருக்கிறது. அதுவும் நான்கைந்து நிமிடத்துக்கு நிறுத்தாமல். ஊஞ்சலைச் சரியான நேரத்தில் நூற்றுக்கணக்கான முறை தள்ளுவதுபோல.

காற்பந்துக்காகக் கட்டிய பழைய அரங்குகளுக்கு இதுதான் தலைவலி. கட்டும்போது இருந்த கணக்கு வேறு, இப்போது நடக்கும் நிகழ்ச்சி வேறு.

சுவீடனின் கோத்தன்பர்க் நகரில் இருக்கும் உல்லெவி அரங்கம் 1958 உலகக் கிண்ணக் காற்பந்துக்காகக் கட்டப்பட்டது. 1985 ஜூன் மாதம் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் அங்கே இரண்டு நாள் பாடினார். கூட்டம் தாளத்துக்குக் குதித்தது. அரங்குக்கு அடியில் இருந்த மென்மையான களிமண் அந்தத் தாளத்தை வாங்கிக்கொண்டு ஆடத் தொடங்கியது. கட்டமைப்பு சேதமடைந்தது. பிறகு அதை வலுப்படுத்தவேண்டியிருந்தது. மண்ணும் கட்டமைப்பின் ஒரு பகுதிதான் என்பதை அந்த இரண்டு இரவுகள் காட்டின.

நமக்கும் இது தூரத்துச் செய்தி அல்ல. சிங்கப்பூரின் தேசிய விளையாட்டரங்கம் 2014இல் திறந்தது. 310 மீட்டர் அகலக் குவிமாடம், 55,000 இருக்கைகள், போட்டிக்கு ஏற்ப முன்னும் பின்னும் நகரும் கீழ்த்தட்டு. 2024 ஜனவரியில் கோல்ட்பிளே ஆறு இரவுகள், மார்ச்சில் டெய்லர் ஸ்விஃப்ட் ஆறு இரவுகள் அங்கே பாடினார்கள். 1998 காமன்வெல்த் விளையாட்டுகளுக்காகக் கட்டிய, 87,000க்கும் அதிகமானோர் அமரக்கூடிய புக்கிட் ஜாலில் அரங்கமும் இன்று இசைநிகழ்ச்சிகளுக்குப் பெயர்போனது. இந்தக் காலத்தில் எந்த அரங்கமும் வெறும் விளையாட்டரங்கம் இல்லை.

"ரசிகர்களால் நிலநடுக்கம்" செய்தி நிஜமா?

கருவிகள் பதிவுசெய்வது நிஜம். 'நிலநடுக்கம்' என்ற சொல்தான் கொஞ்சம் மிகை.

- 2011 ஜனவரி 8: அமெரிக்காவின் சியேட்டலில் மார்ஷான் லிஞ்ச் 67 கெஜம் ஓடிப் புள்ளி எடுத்தபோது, அரங்குக்கு அருகிலிருந்த நில அதிர்வுக் கருவி துடித்தது.
- 2017 மார்ச் 8: பார்சலோனா 6-1 என்று பாரிஸ் செயின்ட் ஜெர்மனை வென்ற இரவில், காம்ப் நோ அரங்கிலிருந்து சுமார் 500 மீட்டர் தள்ளியிருந்த ஆய்வுக்கூடக் கருவி ஒவ்வொரு கோலையும் காட்டிக்கொடுத்தது.
- 2023 ஜூலை: அதே சியேட்டல் அரங்கில் டெய்லர் ஸ்விஃப்ட்டின் இரண்டு இரவுகள். அதிர்வை ரிக்டர் அளவில் 2.3க்கு ஒப்பிட்டார் நில அதிர்வு ஆய்வாளர் ஜாக்கி கேப்லன்-அவர்பாக்.
- 2024 ஜூன்: ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் ஸ்விஃப்ட் பாடியபோது 6 கிலோமீட்டர் தூரத்திலும் கருவிகள் அதைப் பதிவுசெய்தன. அதிகம் அதிரவைத்த பாடல்களில் ஒன்று நிமிடத்துக்கு 160 தட்டு. நொடிக்கு ஏறக்குறைய 2.7. மேலே சொன்ன குதிக்கும் வேகத்துக்குள் கச்சிதமாக விழுகிறது, பாருங்கள்.

ஆனால் இந்த எண்களைப் பார்த்து மாடத்தின் பாதுகாப்பை எடைபோட முடியாது. கருவி அளப்பது மண்ணின் மிக நுண்ணிய அசைவை. உங்கள் காலடியில் இருக்கும் மேல்தட்டின் அசைவு வேறு கணக்கு. செய்தித் தலைப்பில் '2.3' என்று வந்தால் ரசியுங்கள், பதற வேண்டாம்.

எவ்வளவு ஆடினால் அதிகம்?

எத்தனை மில்லிமீட்டர் நகர்ந்தது என்பதை நம் உடல் நேரடியாக உணர்வதில்லை. வேகம் எவ்வளவு சட்டென்று மாறுகிறது, அதாவது முடுக்கம் எவ்வளவு என்பதைத்தான் உணர்கிறது. அதைப் புவியீர்ப்பு முடுக்கத்தின் விழுக்காடாகச் சொல்வார்கள். மின்தூக்கி கிளம்பும்போது வயிற்றில் ஒரு மாதிரி இருக்குமே, அது சுமார் 10 விழுக்காடு. ஆனால் மின்தூக்கி ஒரு முறைதான் தள்ளும். மாடம் திரும்பத் திரும்பத் தள்ளும்.

நொடிக்கு 2 முறை ஆடும் மாடத்தில் உச்சமாக 5 விழுக்காடு முடுக்கம் என்றால், தரை நடுநிலையிலிருந்து மேலும் கீழும் ஏறக்குறைய 3 மில்லிமீட்டர் நகர்கிறது. 20 விழுக்காடு என்றால் 12 மில்லிமீட்டருக்குச் சற்று அதிகம். "தரை ஒரு அடி ஏறி இறங்குச்சு" என்று நண்பர் சொன்னால், அவர் பொய் சொல்லவில்லை. உடலுக்கு அப்படித்தான் தோன்றும்.

எங்கே இருக்கிறோம் என்பதும் முக்கியம். அமைதியான அலுவலகத்தில் அரை விழுக்காடே புகார் வரவைக்கும். திறந்தவெளி நடைபாலத்தில் 5 விழுக்காடுவரை ஏற்றுக்கொள்வோம். அரங்கில் அதற்கும் மேல்.

ஜெர்மன் பொறியியல் ஆய்வாளர் மைக்கேல் காஸ்பெர்ஸ்கி 1996இல் முன்வைத்த படிநிலை இன்றும் பல ஆய்வுகளில் மேற்கோள் காட்டப்படுகிறது.

- 5 விழுக்காட்டுக்குக் கீழே: ஏற்றுக்கொள்ளலாம்.
- 18 விழுக்காடுவரை: தொல்லை.
- 35 விழுக்காடுவரை: ஏற்க முடியாது.
- அதற்கும் மேலே: கூட்டம் பீதியடைய வாய்ப்பு.

கடைசி வரியைக் கவனியுங்கள். 'இடிந்துவிடும்' என்று இல்லை, 'பீதி' என்றுதான் இருக்கிறது. மாடம் தாங்கினாலும் மனிதர்கள் தாங்காமல் போகலாம்.

பிரிட்டன் வழிகாட்டி நிகழ்ச்சியின் வகையைப் பொறுத்து எல்லையை மாற்றுகிறது. அரங்கம் நிறைந்த வழக்கமான போட்டிக்கு 3 விழுக்காடு. பெரிய போட்டிக்கும், எல்லா வயதினரும் வரும் மிதமான இசைநிகழ்ச்சிக்கும் 7.5 விழுக்காடு. எல்லாரும் நின்று குதிக்கும் ஆரவாரமான இசைநிகழ்ச்சிக்கு 20 விழுக்காடு. இவை உச்ச அளவுகள் அல்ல, ஒரு வகைச் சராசரி. அதனால் காஸ்பெர்ஸ்கியின் எண்களோடு நேரடியாக ஒப்பிடக்கூடாது.

ஆனால் ஒரு விஷயம் தெளிவாகத் தெரிகிறது. எல்லாரும் குதிக்கும் இடத்தில் வழிகாட்டி அதிக ஆட்டத்தை அனுமதிக்கிறது. குதிப்பவர்கள் புகார் சொல்வதில்லை என்பதால்.

அப்போ உட்கார்ந்திருப்பவர்?

இதுதான் இந்த விஷயத்தின் மையமான கேள்வி.

குதிக்கும்போது உங்கள் முழங்கால் மடங்கி நிமிர்கிறது. கார் சக்கரத்தின் சுருள்வில்போல அதிர்வை வாங்கிக்கொள்கிறது. தவிர, நீங்களேதான் ஆட்டத்தைக் கிளப்புகிறீர்கள். அதனால் அது உங்களுக்குப் புதிதல்ல.

உட்கார்ந்திருப்பவருக்கு அந்தச் சுருள்வில் கிடையாது. இருக்கையின் அசைவு நேராக முதுகுத்தண்டுக்குப் போகிறது. அதிலும் நொடிக்கு 4 முதல் 8 முறைவரை வரும் மேல்-கீழ் அதிர்வைத்தான் மனித உடல் அதிகம் உணர்கிறது. நொடிக்கு 2 முறை விழும் குதிப்பின் இரண்டாம், மூன்றாம் மடங்குகள் இருக்கும் இடமும் அதுதான்.

ஆக, ஒரே மாடத்தில், ஒரே நேரத்தில், ஒரே அதிர்வு. 20 வயதுக்காரருக்கு அது கொண்டாட்டம். சக்கரநாற்காலியில் இருப்பவருக்கும், முழங்கால் வலியோடு பேத்தியை அழைத்து வந்த பாட்டிக்கும், கர்ப்பிணிக்கும் அது இரண்டு மணி நேரத் தொல்லை. டிக்கெட்டுக்கு எல்லாரும் காசு கொடுத்திருக்கிறார்கள்.

எல்லையை யாருக்காக வைப்பது? எண்களைப் பொறியாளர் கணக்கிட்டுவிடலாம். இந்தக் கேள்விக்கு அரங்கை நடத்துபவரும் பதில் சொல்லவேண்டும். அமர்ந்து பார்ப்பவர்களுக்கான இடத்தையும் சக்கரநாற்காலி இடங்களையும் அதிகம் அசையாத பகுதியில் ஒதுக்குவது அதில் ஒரு எளிய பதில்.

கூட்டமே ஆட்டத்தை அடக்குமா?

ஆச்சரியமாக இருக்கும், ஆனால் ஆமாம்.

குதிக்காமல் நிற்பவரும் உட்கார்ந்திருப்பவரும் மாடத்துக்கு வெறும் எடை அல்ல. மனித உடல் மென்மையானது, அசைவின் ஆற்றலை உறிஞ்சிக்கொள்ளும். காலியான மாடத்தைவிட, அமைதியான கூட்டம் நிறைந்த மாடம் சீக்கிரம் அடங்கிவிடுகிறது. லண்டனின் டுவிக்கனம் ரக்பி அரங்கில் பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் எடுத்த அளவுகளில் இது தெளிவாகத் தெரிந்தது. கூட்டம் வந்ததும் அதிர்வு அடங்கும் தன்மை கூடியது. மாடத்தின் அதிர்வெண்ணே மாறியது.

அதாவது, உங்களைச் சுற்றி உட்கார்ந்திருப்பவர்கள் உங்கள் ஆட்டத்தைத் தாங்கிக்கொள்வது மட்டுமல்ல, குறைத்தும் தருகிறார்கள்.

தூண் இல்லாத காட்சிக்கு ஒரு விலை

பழைய அரங்குகளில் மேல்தட்டைத் தாங்கத் தூண்கள் நிற்கும். அதன் பின்னால் இடம் கிடைத்தால் பாதித் திடல் தெரியாது. இன்று யாரும் அதை ஏற்கமாட்டார்கள். அதனால் மேல்தட்டைப் பின்பக்கம் மட்டும் பிடித்து, முன்பக்கம் அந்தரத்தில் நீட்டிக் கட்டுகிறார்கள். நீச்சல் குளத்தில் குதிக்கும் பலகையை நினைத்துக்கொள்ளுங்கள். நுனிதான் அதிகம் ஆடும்.

தட்டு எவ்வளவு நீள்கிறதோ, எவ்வளவு இலேசாகிறதோ, அவ்வளவு எளிதாக அசையும். திடல் முழுசாகத் தெரிவதற்கு நாம் கொடுக்கும் விலை அது.

தப்பாகிப்போன சில இடங்கள்

லிவர்பூல், இங்கிலாந்து: ஆன்ஃபீல்டு அரங்கின் ஒரு முனையில் 1998இல் மேல்தட்டு சேர்த்தார்கள். தட்டு அசைகிறது என்று ரசிகர்கள் புகார் சொன்னார்கள். கூடுதல் தூண்கள் வைத்துத் தாங்கினார்கள். இடிவு இல்லை, காயம் இல்லை. ரசிகர்கள் சொன்னதை யாரோ கேட்டார்கள். நல்ல முடிவு.

நைமேகன், நெதர்லாந்து: 2021 அக்டோபர் 17. வெளியூர்க் குழுவான விட்டெஸ 1-0 என்று வென்றது. அதன் ரசிகர்கள் மாடத்தில் சேர்ந்து குதித்தார்கள். கான்கிரீட் தட்டின் ஒரு பகுதி அப்படியே கீழே இறங்கியது. அடியில் இருந்த கொள்கலன்மீது அது தங்கியதால் பெரிய விபத்து தவிர்ந்தது. யாருக்கும் கடுமையான காயம் இல்லை. காணொளியை நீங்களும் பார்த்திருக்கலாம்.

பாஸ்தியா, பிரான்ஸ்: 1992 மே 5. கோர்சிகா தீவின் ஃபுரியானி அரங்கில் அவசரம் அவசரமாக எழுப்பிய தற்காலிக மாடம், போட்டி தொடங்கும் முன்பே சரிந்தது. 18 பேர் மாண்டனர். 2,000க்கும் அதிகமானோர் காயமடைந்தனர். இங்கே அடிப்படைக் கோளாறு மோசமான கட்டுமானம்.

தற்காலிக மாடம் என்றால் நமக்குத் தேசிய தினக் கொண்டாட்டம், எஃப்1 கார்ப் பந்தயம் நினைவுக்கு வரும். அவற்றில் மேல்-கீழ் அதிர்வோடு பக்கவாட்டு ஆட்டத்தையும் கவனிக்கவேண்டும். கூட்டம் இடமும் வலமும் சாய்ந்து ஆடினால், குழாய்ச் சட்டகம் அதே திசையில் சாயப் பார்க்கும். இருக்கைகளுக்கு அடியில் பெருக்கல் குறிபோல் குறுக்கே போகும் கம்பிகளைப் பார்த்திருப்பீர்கள். அந்தச் சாய்வைத் தடுப்பவை அவைதான். ஒழுங்காகக் கட்டிச் சோதித்த மாடம் பாதுகாப்பானது.

சரி, எப்படிச் சரிசெய்வது?

விறைப்பைக் கூட்டலாம். தூண், உத்தரம் சேர்த்தால் இயல்பு அதிர்வெண் மேலே போகும். குதிக்கும் வேகத்துக்கு எட்டாது. ஆனால் தூண் வந்தால் காட்சி மறையும், செலவும் கூடும்.

ஆட்டத்தை உறிஞ்சலாம். கார்களில் இருப்பதுபோன்ற தணிப்பான்களைப் பொருத்தலாம். அல்லது சுருள்வில்லில் ஒரு கனமான எடையைத் தொங்கவிட்டு, தட்டு மேலே போகும்போது எடை எதிர்த்திசையில் ஆடும்படி இசைவு செய்யலாம். லண்டனின் மில்லெனியம் நடைபாலம் 2000 ஜூன் மாதம் திறந்து, மக்களின் நடையிலேயே பக்கவாட்டில் ஆடியதால் இரண்டே நாளில் மூடப்பட்டது. இந்த இரண்டு வகைத் தணிப்பான்களையும் பொருத்தி, 2002இல் மறுபடி திறந்தார்கள். பாலம் உறுதியாகத்தான் இருந்தது. மக்கள் நிம்மதியாக நடக்க முடியவில்லை, அவ்வளவுதான் பிரச்சினை.

கூட்டத்தை நிர்வகிக்கலாம். எந்த நிகழ்ச்சிக்கு எந்தத் தட்டைத் திறப்பது, எங்கே உணர்கருவி வைப்பது, ஆட்டம் எல்லையைத் தொட்டால் இசையை எப்போது தணிப்பது என்று முன்கூட்டியே தீர்மானிக்கலாம். தாளம் நின்றால் சில நொடிகளில் மாடமும் அடங்கிவிடும். ஊஞ்சலைத் தள்ளுவதை நிறுத்துவதுபோல. எல்லா வழிகளிலும் மலிவானது இதுதான்.

மாடம் ஆடினால் நீங்கள் என்ன செய்யணும்?

லேசாக ஏறி இறங்கினால்: ஒன்றும் செய்யவேண்டாம். பயமாக இருந்தால் நில்லுங்கள், முழங்காலைக் கொஞ்சம் மடக்கிக்கொள்ளுங்கள். உட்கார்ந்திருப்பதைவிட உடலுக்கு இதமாக இருக்கும்.

தொல்லையாக இருந்தால்: குதிப்பதை நிறுத்துங்கள், பக்கத்தில் இருப்பவர்களிடமும் சொல்லுங்கள். சிலர் தாளம் தவறினாலே ஆட்டம் குறையும். ஊழியரிடம் வேறு இடம் கேளுங்கள். பெரும்பாலும் மேல்தட்டின் முன்வரிசையைவிடப் பின்வரிசை குறைவாக அசையும்.

இவற்றைக் கண்டால் உடனே விலகுங்கள்:
- ஏதோ முறியும் சத்தம்
- தூசியோ கான்கிரீட் துண்டோ விழுதல்
- இரண்டு படிகளுக்கு நடுவே புதிதாகத் தெரியும் இடைவெளி
- இசை நின்ற பிறகும் சரிந்தே இருக்கும் தரை

விலகும்போது ஓடாதீர்கள், தள்ளாதீர்கள். நீங்கள் வந்த வாசலைத் தவிர வேறு வாசலும் இருக்கும். ஊழியரிடம் சொல்லுங்கள். அவசரம் என்றால் சிங்கப்பூரில் 995, மலேசியாவில் 999.

வயதானவர்களோடு போனால்: டிக்கெட் வாங்கும்போதே கீழ்த்தட்டைப் பாருங்கள். தரைக்கு நெருக்கமான இருக்கைகள் பொதுவாகக் குறைவாக அசையும்.

அசைவைக் கவனித்தால் அரங்க நிர்வாகத்துக்கு எழுதுங்கள். எந்தப் பகுதி, எந்த வரிசை, எந்தப் பாட்டு அல்லது போட்டியின் எந்த நிமிடம் என்று குறிப்பிடுங்கள். 'பயங்கரமா ஆடுச்சு' என்பதைவிட அது பொறியாளருக்கு உதவும். ஆன்ஃபீல்டில் தூண்கள் வந்தது ரசிகர்கள் வாயைத் திறந்ததால்தான்.

அதற்காகக் குதிக்காமல் இருக்கவேண்டியதில்லை. ஆர்ஜென்டினாவின் போகா ஜூனியர்ஸ் ரசிகர்கள் தங்கள் பொம்போனேரா அரங்கம் நடுங்கவில்லை, துடிக்கிறது என்று பெருமையாகச் சொல்வார்கள். நல்லா குதிங்க. குதிக்கும்போது ஒரு தடவை பக்கத்து இருக்கையையும் பார்த்துக்கொள்ளுங்கள்.